கலாராணி பார்த்த பேய்ப்படங்கள்

பேய்ப்படத்தில் பேய் வருகிற நேரம் பார்த்து யாராவது சிரித்தால் கலாராணிக்குக் கோபம் வரும். உண்மையிலேயே பயமில்லாமல் சிரித்தால் விட்டுவிடுவாள். பயந்துகொண்டு, அதை மறைக்கச் சிரிக்கிறவர்களைத்தான் அவளால் பொறுக்க முடியாது. எழுந்துபோய்ப் படத்தை நிறுத்திவிடுவாள்.

"பயமா இருந்தா பயப்படு. எதுக்கு இளிக்கிற?"

அவள் வீட்டு டிவி, அவள் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக். அதனால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். பிறகு படம் ஓடும்.

மடுல்சீமைக்கு மேலே பஸ் ஏறாத தொப்பித்தோட்டத்தில், கீழ் டிவிசனில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு அடுத்த லயம் அவளுடையது. வேலை பிள்ளைக்காம்பராவில். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் காலையில் தங்கள் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள், நடுவில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அதுவரை அத்தனை பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது கலாராணி. அவள் கணவன் மருதமுத்து தேயிலை ஃபெக்டரியில் இரவு வேலைக்காரன், தனியாகக் காட்டு வழியே நடந்து வருகிறவன். ஆனால் பேய்ப்படம் ஓடும்போது இஸ்தோப்புத் திண்ணையிலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பான், உள்ளே வரமாட்டான்.

தொண்ணூற்று மூன்றில் லயத்துக்கு மின்சாரம் இல்லை. லொறி பேட்டரியில்தான் டிவி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலில் சாக்கை ஆணியடித்து இருட்டாக்கிவிட்டுப் படம் போடுவாள். வீடியோ கெசட் வாங்கப் பதுளைக்குப் போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் மாடியில் நஸீர் என்பவர், அண்ணன் என்பதற்குப் பதில் நானா என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், வீடியோ கடை வைத்திருந்தார். அவருக்கும் பேய்ப்படம் பார்க்கத் தைரியம் இல்லை. வாங்கி அடுக்கியிருந்தாரே தவிர, எது நல்லது எது மட்டமானது என்று அவருக்குத் தெரியாது. கலாராணி திருப்பிக் கொடுக்கும்போது சொல்வதைக் கேட்டுத்தான் மற்றவர்களுக்குச் சொல்வார்.

"தங்கச்சி, இது எப்பிடி? ஆளுங்க கேக்குறாங்க."

"முதல் பாதி நல்லா இருக்கு நானா. அப்புறம் பேய் பேச ஆரம்பிச்சிருது. பேசுனா என்ன பயம்? நம்ம மாமியா மாதிரி ஆயிருது."

திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் இதையே விரிவாகச் சொல்வாள். பால் கொடுக்க வந்த பெண்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்பார்கள். கதையை முழுவதும் சொல்லமாட்டாள். எங்கே ஏமாற்றினார்கள், எங்கே நேர்மையாகப் பயமுறுத்தினார்கள் என்றுதான் சொல்வாள். பேய் வருவதற்கு முன்னால் கதவு கிறீச்சிடுவது அவளுக்குப் பிடிக்காது. "நம்ம லயத்துல எல்லாக் கதவும் அப்படித்தான் கத்துது. நாம என்ன ஓடியா போயிட்டோம்?" என்பாள். வெள்ளைச் சேலையும் பிடிக்காது. சுடுகாட்டில் திரிகிற பேய்க்கு அவ்வளவு வெள்ளையாக யார் துவைத்துப் போடுகிறார்கள் என்று கேட்பாள். காற்றில்லாத இடத்தில் ஒரு விளக்கு தானாக அசைந்தால் போதும் என்பாள். அவள் சொல்லி முடித்த பிறகு, படம் பார்க்காத பெண்கள்கூட மாலையில் கூட்டமாகத்தான் லயத்துக்குத் திரும்புவார்கள்.

கொழும்பிலிருந்து வருகிற ஒரு வாரப் பத்திரிகை, வாசகர்கள் எழுதும் சினிமா விமர்சனத்துக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கியபோது, நஸீர்தான் அதைக் காட்டி எழுதச் சொன்னார். எழுதினாள். வந்தது. "கலாராணி, தொப்பித்தோட்டம்" என்று அச்சில் பார்த்ததும் தோட்டமே அந்தத் தாளை வாங்கி வாங்கிப் பார்த்தது. இரண்டு மூன்று விமர்சனம் இப்படி நல்லபடியாக வந்தது. பிறகு ஒன்று வந்தது.

ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு இருந்த பெண்ணை வீட்டு எசமான் கெடுத்துக் கொன்று கிணற்றில் போட்டுவிடுகிறான், அவள் பேயாகி வருகிறாள் என்பது அந்தப் படத்தின் கதை. கடைசியில் ஒரு சாமியார் வந்து அவளைக் கிணற்றோடு கட்டிவிடுகிறார். எசமானின் குடும்பம் பொங்கல் வைத்துச் சந்தோசமாகச் சாப்பிடுகிறது. கலாராணி கடைசிப் பந்தியில் இதைத்தான் கேட்டிருந்தாள்: கொன்றவன் சாப்பிடுகிறான், செத்தவளைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், இதற்கு எதற்கு நாதஸ்வரம் வாசிக்கிறீர்கள்? பத்திரிகையில் அந்தப் பந்தி இல்லை. அதற்குப் பதில், "குடும்பத்தோடு பார்க்கக்கூடிய திகில் படம்" என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தார்கள்.

அவள் அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் பதுளைக்குப் போனாள். நஸீர் கடையிலிருந்து பத்திரிகைக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்துக்குப் பொறுப்பான கஜரூபன் என்கிற யாழ்ப்பாணத்துப் பையன் பேசினான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. பக்கத்தில இடம் காணாமல் போட்டுது. அதுதான் கடைசிப் பந்தியை எடுத்தனான்."

"இடம் பத்தலன்னா நடுவுல வெட்டியிருக்கலாமேங்க. கதைய வெட்டியிருக்கலாம். எம் முடிவ வெட்டிட்டீங்க. முடிவு இல்லாம அது எதுக்கு என் பேருல வரணும்?"

"தலைப்பு நான் போடேல்லை அக்கா."

"யார் போட்டா என்ன? நான் அந்தப் படத்தைக் குடும்பத்தோட பாக்கலாம்னு சொல்லவே இல்ல. சொல்லாதத நான் சொன்னதாப் போட்டிருக்கீங்க. பொய்யி. இனிமே ஒரு எழுத்து வெட்டுறதா இருந்தா போடவே வேணாம், நானும் எழுதல."

"சரி அக்கா. இனி வெட்டமாட்டன். நீங்கள் அனுப்பினபடியே வரும்" என்றான். அந்த வார்த்தையை அவன் கடைசிவரை காப்பாற்றினான். அதனால் அவனுக்கும் ஒருநாள் தொல்லை வந்தது.

ஜெயலெட்சுமி எங்கள் லயத்துப் பெண். பாக்கியலெட்சுமியின் ஒரே மகள். கட்டிக்கொண்டவன் கொழும்பில் வேலைக்குப் போய், வருவது குறைந்து, கடைசியில் அவள் பிள்ளை உண்டானதும் வராமலே போனான். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு முதல் ஆளாக வந்து முன்னால் உட்காருவது அவள்தான். கண்ணை மூடமாட்டாள், சிரிக்கவும் மாட்டாள். நிறைமாதத்திலும் பச்சரிசியை மென்றுகொண்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இந்தப் பேய்க எல்லாம் ஏன் பொம்பளையாவே இருக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஆம்பளைக்குத்தான் உசுரோட இருக்கிறப்பவே எல்லாரும் பயப்படுறாங்களே. அவன் எதுக்குச் செத்து வரணும்?"

ஜெயலெட்சுமி சிரித்தாள். படம் ஓடாத நேரம் என்பதால் கலாராணியும் சிரித்தாள்.

இரண்டாயிரத்து மூன்று மாரியில், மழை விடாமல் பெய்த ஒரு மத்தியானம், ஜெயலெட்சுமியின் லயத்துக் காம்பராவிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. பெண் பிள்ளை. பிள்ளை நன்றாக அழுதது. தாய்க்குத்தான் இரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் வந்து பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். கொழுந்து லொறி ஃபெக்டரி வாசலில்தான் நின்றது. டிரைவர் சந்தனம் லொறிக்குப் பக்கத்திலேயே நின்றான்.

"தொரை சொல்லாம வண்டிய எடுத்தா என் வேலை போயிரும்" என்றான்.

தோட்டத்து மனேஜரான தொரை பதுளைக்குப் போயிருந்தார். பங்களாவுக்கு ஓடினார்கள். அங்கேயிருந்தவன் தனக்குத் தெரியாது என்றான். ஆபீசுக்கு ஓடினார்கள். கணக்கெழுதுகிற ஐயாமார் பங்களாவில் கேட்கச் சொன்னார்கள். தோட்டத் தலைவர் தம்பையா, தொழிற்சங்கத்துக்கும் கோயிலுக்கும் அவர்தான் தலைவர், "தொரை வரட்டும், நான் பேசுறேன்" என்றார். கலாராணி பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டு வந்து சந்தனத்தின் காலில் விழுந்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான்.

கடைசியில் கம்பளியைத் தடியில் கட்டி, அதில் ஜெயலெட்சுமியைப் படுக்கவைத்து, ஆம்பிளைகள் தோள்மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழி நெடுகச் சேறு. பலாமரத்து வளைவில் இறக்கி வைத்தபோது அவள் இறந்திருந்தாள்.

அடக்கம் முடிந்தது. பிள்ளையைப் பாக்கியலெட்சுமி வளர்த்தாள். அவள் மலைக்குப் போகவேண்டியவள் என்பதால் பகலில் அதுவும் கலாராணியிடமே வந்தது. கலாராணி அந்த நாட்களில் யாரிடமும் அதிகம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் போடவில்லை.

அடுத்த மாதமே பேச்சு கிளம்பியது. பலாமரத்து வளைவில் லொறி இரண்டு தரம் நின்றுவிட்டது. ஜெயலெட்சுமி வெள்ளைச் சேலையோடு தலையை விரித்துப் போட்டுக்கொண்டு குறுக்கே நின்றாள் என்று சந்தனம் சொன்னான். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு ஒரு பெண் அந்த வழியில் மயங்கி விழுந்தாள். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

பிள்ளைக்காம்பராவில் யாரோ இதைச் சொன்னபோது கலாராணி கையிலிருந்த பால் போத்தலை மேசையில் வைத்தாள்.

"அவகிட்ட ஏது வெள்ளைச் சேலை? இருந்ததே ரெண்டு. ஒண்ணு அன்னைக்குக் கட்டியிருந்தா. இன்னொன்னத்தான் மேல போத்திக் கொண்டு போனோம். சந்தனம் பாத்தது என் வீட்டு டிவியில வந்தவள."

யாரும் அவள் பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. தம்பையா கோயில் கமிட்டியைக் கூட்டினார். கோடாங்கியை அழைத்து ஆவியைக் கட்டவேண்டும் என்று முடிவாயிற்று. தொரையும் சம்மதித்தார். லொறி நின்றால் கொழுந்து கெட்டுப்போகுமே. ஹல்துமுல்லைப் பக்கத்தில் பெயர்பெற்ற கோடாங்கி ஒருவர் இருந்தார். அவரைக் கூட்டிவர, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை எல்லாம் தாண்டி, தோட்டத்து லொறி போனது. சந்தனம்தான் ஓட்டினான்.

அதைக் கேட்ட கலாராணி பிள்ளைக்காம்பரா வாசலில் நின்றுகொண்டு, லொறி போன பாதையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அன்று பிள்ளையை விட வந்த என் அக்கா சொன்னாள். கிட்டே போகப் பயமாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை உச்சி நேரம் சடங்கு. உடுக்குச் சத்தம் வளைவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தபோது தம்பையா பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார். பின்னால் பாக்கியலெட்சுமி.

"கலா, அந்தப் பிள்ளையக் குடு. கோடாங்கி கேக்குறாரு."

"எதுக்குங்க?"

"தாய் பிள்ளையத் தேடித்தான் வருதாம். பிள்ளையக் காட்டுனாத்தான் கிட்ட வருமாம். வந்தாத்தான் கட்ட முடியுமாம்."

"பிள்ளையக் காட்டி ஏமாத்திப் பிடிக்கப் போறீங்க."

"பேச்ச வளக்காத. பாட்டியே சரின்னு சொல்லிட்டா."

கலாராணி பாக்கியலெட்சுமியைப் பார்த்தாள். அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எம் புள்ள அடங்கிக் கெடக்கட்டும்னு சொல்றாங்க கலா. அலைஞ்சுக்கிட்டே இருந்தா அதுக்கும் கஷ்டந்தானே."

"அவ அலையல அத்தை. அன்னைக்கு அலைஞ்சது நாமதான். ஃபெக்டரிக்கும் பங்களாவுக்கும் ஆபீசுக்கும். அவ பாட்டுக்குப் படுத்துத்தான் கெடந்தா."

பாக்கியலெட்சுமி அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். தம்பையாவின் குரல் உயர்ந்தது.

"இப்ப குடுக்கிறியா இல்லையா?"

"ஆஸ்பத்திரிக்குப் போக லொறி இல்லன்னீங்க தலைவரே. கோடாங்கியக் கூட்டிட்டு வர ஹல்துமுல்லை வரைக்கும் போகுது. எந்த வாயால கேட்டு வாங்குனீங்க? அந்த வாயால அன்னைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்தப் பிள்ளைக்கு ஆத்தா இருந்திருப்பா."

அவர் பதில் சொல்லுமுன் பாக்கியலெட்சுமியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு கதவைத் தாழ்போட்டாள். வெளியே அவர் தட்டினார், திட்டினார். உள்ளே அத்தனை பிள்ளைகளும் விழித்துக்கொண்டு அழுதன. அவள் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் வெளியே கொடியில் காய்ந்த பிள்ளையின் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தத் துணியைச் சுற்றிப் பலாமரத்தில் பெரிய ஆணியாக அடித்தார்கள். ஆவி கட்டப்பட்டது என்று கோடாங்கி சொன்னார். சேவலோடும் வேட்டி துண்டோடும் அவரைத் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் அதே லொறிதான்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகையில் கலாராணியின் விமர்சனம் வந்தது. "பலாமரத்து வளைவு" என்று தலைப்பு. எல்லா விமர்சனத்தையும்போலவே ஒரு படத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் எழுதியிருந்தாள். அதில் ஒரு பகுதி இது:

"இந்தப் படத்தில் பேய் எங்குமே வரவில்லை. வந்ததாக ஒரு டிரைவர் மட்டும் சொல்கிறார். அவர் ஏன் பயப்படுகிறார் என்பதைப் படம் முதல் பாதியிலேயே காட்டிவிடுகிறது, அதனால் நமக்குச் சந்தேகம் இல்லை. படத்தில் உண்மையான திகில் காட்சி ஒன்றுதான். மழையில் ஒரு லொறி நிற்கிறது, கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், சாவி ஒருவன் சட்டைப்பையில் இருக்கிறது. இதற்குமேல் பயங்கரத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. ஆனால் கடைசியில் ஆணியை மரத்தில் அடித்துவிட்டு எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள். யாரைக் கட்டவேண்டுமோ அவர்களைக் கட்டவில்லை. இந்த முடிவை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்."

கஜரூபன் ஒரு எழுத்தையும் வெட்டவில்லை. அப்படி ஒரு படம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்தே போட்டிருக்கிறான். ஆசிரியர் அவனைக் கூப்பிட்டு விசாரித்தாராம், அந்தப் பக்கத்தை அவனிடமிருந்து எடுத்துவிட்டார்களாம். நஸீர் கடைக்கு ஆட்கள் வந்து அந்தக் கெசட் இருக்கிறதா என்று கேட்டார்கள். "அது கெசட்ல வரல. மடுல்சீமைப் பக்கம் தோட்டத்துல ஓடினது" என்றார் அவர்.

தோட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தொரை அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் பத்திரிகை விரித்திருந்தது. பெரிய கணக்கப்பிள்ளை வாசித்துச் சொல்லியிருந்தார்.

"இது யாரைப் பத்தி?" என்று தொரை தமிழிலேயே கேட்டார்.

"படத்தப் பத்திங்க."

"என் தோட்டத்தைப் பத்தி எழுதியிருக்கே."

"தோட்டத்துப் பேரு என் பேருக்குக் கீழ மட்டுந்தான் இருக்கு. உள்ள யாரு பேரும் இல்லீங்க. வாசிக்கிறப்ப உங்களுக்கு அப்படித் தோணுனா அதுக்கு நான் என்ன பண்றது?"

மறுநாள் காலை வேலை பிரிக்கிற பெரட்டில், பிள்ளைக்காம்பரா வேலையிலிருந்து நீக்கி அவளை மலைக்கு அனுப்பியதாகப் பேர் வாசித்தார்கள். சங்கத் தலைவரான தம்பையா அதைத் தடுக்கவில்லை. கோயிலில் வந்து மன்னிப்புக் கேட்டால் தொரையிடம் பேசிப் பார்க்கலாம் என்று மருதமுத்துவிடம் சொல்லியனுப்பினார். மருதமுத்து அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நீ என்ன சொல்ற?" என்று கலாராணி கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல. கேட்டதச் சொன்னேன்."

"அப்ப கூடையத் தேடி எடு. காலைல வேணும்."

பல வருடம் கழித்துக் கூடையை முதுகில் மாட்டியதில் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. விரல்கள் வெடித்தன. பிள்ளைக்காம்பரா பக்கமாகப் போகும்போது உள்ளே பிள்ளைகள் அழும் சத்தம் கேட்டால் நடையைக் கூட்டிவிடுவாள். இப்படி ஓர் ஆண்டுக்கு மேல் போனது. பத்திரிகை அவள் எழுதியனுப்பியதைப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் படத்தை மட்டும் மறுபடி தொடங்கினாள். அதற்குள் லயத்துக்கு மின்சாரம் வந்திருந்தது, நஸீர் கெசட்டை விட்டுவிட்டுச் சீடித் தட்டுக்கு மாறியிருந்தார். விமர்சனத்தைக் கொழுந்து பறித்துக்கொண்டே தேயிலை நிரையில் நின்று சொன்னாள். முன்பைவிடக் காரமாகச் சொன்னாள். கங்காணி அதட்டினால் குரலைக் கூட்டினாள்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒருநாள் மாலைக் கொழுந்து நிறுக்கிற நேரம். சுலோஜனா என்கிற பெண், ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சி, கூடையோடு சரிவில் வழுக்கி உருண்டாள். தூக்கியபோது சேலை இரத்தத்தில் நனைந்திருந்தது. லொறி பாதையில் நின்றது, பாதிக்கு மேல் கொழுந்து ஏற்றியாயிற்று. சந்தனம் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஆபீசுக்கு ஆள் அனுப்புங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

கலாராணி லொறியின் பின்பக்கம் ஏறினாள். முதல் கொழுந்துச் சாக்கைக் காலால் உதைத்துக் கீழே தள்ளினாள். பிறகு அடுத்ததை. கணக்கப்பிள்ளை கத்தினார். நிறுக்க நின்ற பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு பாக்கியலெட்சுமி ஏறினாள், என் அக்கா ஏறினாள், மற்றவர்களும் ஏறினார்கள். பறித்த கொழுந்தெல்லாம் பாதையில் குவிந்தது. லொறியின் தார்ப்பாய்ப் படங்கை விரித்துச் சுலோஜனாவைப் படுக்கவைத்தார்கள். கலாராணி இறங்கிப் போய் முன்கதவைத் திறந்து சந்தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தொரை..." என்று அவன் ஆரம்பித்தான்.

"நான் சொல்றேன். எடு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, லொறியை எடுத்தான். எந்த வளைவிலும் வண்டி நிற்கவில்லை.

சுலோஜனா பிழைத்துக்கொண்டாள், பிள்ளையும் தங்கியது. தொரை விசாரணை வைத்தார். யார் கொழுந்தைத் தள்ளியது என்று கேட்டபோது நிறுக்க நின்ற அத்தனை பெண்களும் நான்தான் என்றார்கள். அத்தனை பேரையும் நிறுத்தினால் கொழுந்து யார் எடுப்பது? எச்சரித்து விட்டுவிட்டார்கள். லொறிச் சாவியைப் பற்றி எழுத்தில் எந்த உத்தரவும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சந்தனம் யாரையும் கேட்டுக்கொண்டு நின்றதில்லை.

இதையெல்லாம் ஒரு வெற்றியாக என் அக்கா ஒருமுறை அவளிடம் சொன்னாள். கலாராணி கொழுந்தைக் கிள்ளிக் கூடையில் போட்டபடி கேட்டாள்.

"எந்த வெற்றி? ஒரு லொறி ஓட வேண்டிய நேரத்துல ஓடுச்சு. அதுக்கு ஒருத்தி சாக வேண்டியிருந்துச்சு. இதப் போய் நல்ல முடிவுன்னு என்கிட்ட சொல்லாத."